பிள்ளை பெற்றவளிடம் யாரும் கேட்காத கேள்வி

குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத இளம் தாய். பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்படியில் அம்மா அரிவாள்மனையில் கீரை அரிந்துகொண்டிருக்க, மடியில் குழந்தையோடு அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். சட்டென்று மனதில் ஒரு காட்சி: அந்த அரிவாள்மனையும் தன் குழந்தையின் கழுத்தும். ஒரு நொடிதான். உடம்பெல்லாம் நடுங்க எழுந்து அறைக்குள் போய்விடுகிறாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து அடுப்படிப் பக்கம் அவள் தலைகாட்டுவதில்லை. குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்ற பயத்தில் அந்த வேலையைப் பாட்டியிடம் விட்டுவிடுகிறாள். குழந்தையோடு மொட்டை மாடிக்குப் போவதும் நின்றுவிடுகிறது. குழந்தையும் தானும் மட்டும் வீட்டில் இருக்கும்படி ஆகிவிட்டால் உள்ளங்கை வியர்க்கிறது. கணவன் போனில் வரும்போதெல்லாம், "ஏங்க, நான் நல்ல அம்மாதானே? நான் கெட்டவ இல்லதானே?" என்று கேட்கிறாள். அவனும், "இது என்ன பேச்சு, உன்ன மாதிரி உண்டா" என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறான். வைத்த கையோடு மறுபடி கூப்பிடுகிறாள்.

வீட்டில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பிள்ளைமேல் ஒட்டுதலே இல்லை என்கிறார் மாமியார். பச்சை உடம்புக்காரியைக் காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று வேப்பிலை அடிக்கிறார்கள், தாயத்து கட்டுகிறார்கள். உனக்கு என்ன நினைப்பு வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவளாக வாய் திறந்து சொல்லப்போவதும் இல்லை. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள், தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று நினைக்கிறாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது: சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமோ என்பது.

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை அல்ல. மனநல மருத்துவர்களிடம் வந்து சேரும் பலரது அனுபவங்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சேர்த்துச் சொன்னது. எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்கள் எழுதுவதும், ஓசிடி என்று பலரும் சொல்வதுமான நோயின் முகங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு: தோல் உரியும்வரை கை கழுவுகிறவர், பூட்டிய பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்க்கிறவர், செருப்பை ஒரே கோட்டில் வைக்காவிட்டால் பதறுகிறவர். சினிமாவில் சிரிப்புக்காகக் காட்டப்படுவதும் இதுதான். கண்ணுக்குத் தெரிவதால் அதை நோய் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒரு சத்தமும் இல்லாமல் மண்டைக்குள்ளேயே நடக்கும் பாதி நம் கண்ணில் படுவதே இல்லை. கெட்ட நினைப்பு ஒன்று வந்ததும் அதை அழிக்க ஒரு நல்ல நினைப்பை நினைப்பது, சாமி பெயரை மூன்று முறை சொல்வது, நேற்று குழந்தையைத் தூக்கியபோது கை எங்கே இருந்தது என்று நினைவைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்ப்பது ஆகியவையும் கை கழுவுவதைப் போன்ற சடங்குகளே. ஓயாமல் இதையே செய்துகொண்டிருப்பவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் சுமார் 0.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. வீடு தேடி வந்து ஒருவர் கேட்கும்போது, பெற்ற பிள்ளையைக் கொல்வது போல நினைப்பு வருகிறது என்று எந்தத் தாய் சொல்வாள்? உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட நினைப்பு யாருக்கெல்லாம் வருகிறது? 1978-இல் லண்டனில் உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து அங்கே சென்ற பத்மல் டி சில்வாவும் இதைத்தான் கேட்டார்கள். மனநோய் எதுவும் இல்லாத 124 பேரிடம், வேண்டாத நினைப்புகள், செய்யக்கூடாததைச் செய்யத் தூண்டும் உந்துதல்கள் வருவதுண்டா என்று கேட்டபோது, ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வருவதுண்டு என்றார்கள். அன்புக்குரியவரைக் காயப்படுத்துவது, வரும் ரயிலுக்கு முன்னால் பாய்வது, கூட்டத்தில் அசிங்கமாகக் கத்துவது போன்றவை அவை. ராக்மனும் டி சில்வாவும் அதோடு விடவில்லை. இவர்கள் சொன்னவற்றையும் நோயாளிகள் சொன்னவற்றையும் கலந்து வைத்து, எது யாருடையது என்று பிரிக்கும்படி அனுபவமுள்ள நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அவர்களே தடுமாறிப் போனார்கள். நினைப்பின் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. நோயாளிகளுக்கு அது அடிக்கடி வந்தது, நெடுநேரம் தங்கியது, தாங்க முடியாத வேதனை தந்தது, விரட்ட விரட்டப் போக மறுத்தது. 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் ஆடம் ராடோம்ஸ்கியின் குழு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஒன்றாவது வந்தது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர்.

தாய்மாரைப் பற்றித் தனியே ஓர் ஆய்வு உண்டு. கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதரும் ஷீலா வுடியும் முதல் பிரசவம் முடிந்த பெண்களிடம் பேசி 2008-இல் வெளியிட்டது. குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகிவிடுமோ என்ற வேண்டாத நினைப்பு, கேட்கப்பட்ட தாய்மார் எல்லோருக்குமே வந்திருந்தது. தானே வேண்டுமென்று குழந்தைக்குத் தீங்கு செய்வது போன்ற நினைப்பும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்திருந்தது. பாதிப் பேருக்கு! இந்த ஒரு செய்தி முன்கூட்டியே காதில் விழுந்திருந்தால், அடுப்படியை விட்டு எழுந்து ஓடிய அந்தப் பெண்ணின் இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதே ஆய்வாளர்களின் குழு பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நினைப்புகள் வருவதற்கும் தாய் குழந்தையை உண்மையில் அடிப்பது, காயப்படுத்துவது போன்றவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் பெரும்பாலோர் மனதில் வந்து போகும் ஒன்று சிலரை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அன்றுவரை மருந்தையும் குரங்கையும் சேர்த்து நினைத்தே இராதவனுக்கு, அதன்பின் கிண்ணத்தை எடுத்தாலே குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் செய்து பார்த்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, மீறி நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. நினைப்பு வந்துவிட்டதா என்று காவல் காப்பதற்கே அந்த நினைப்பை மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கரடியால் யாருக்கும் வெட்கமில்லை, பயமில்லை. அந்த இடத்தில் பெற்ற குழந்தையின் கழுத்து இருந்தால் காவல் எவ்வளவு கடுமையாக இருக்கும்!

இன்னொரு காரணத்தை உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985-இல் எழுதினார். நினைப்பு வருவதைவிட, வந்த நினைப்புக்கு நாம் கொடுக்கும் பொருள்தான் நோயை வளர்க்கிறது என்றார் அவர். ஒருத்தி அந்தக் காட்சி வந்ததும், தூக்கம் கெட்டதில் மூளை ஏதோ உளறுகிறது என்று குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விடுகிறாள். இன்னொருத்தி, இப்படி நினைத்தேனே, அப்படியென்றால் என் அடிமனதில் இந்த ஆசை இருக்கிறதா, இது நடந்துவிட்டால் முன்பே தெரிந்தும் தடுக்காத பாவி நான்தானே என்று தொடர்கிறாள். நோய் இந்த இரண்டாமவளைத்தான் பிடிக்கிறது. இவள் குழந்தைமேல் பொறுப்பு குறைந்தவள் என்று யாராவது சொன்னால் அது நேர்மாறான பேச்சு. பொறுப்பு அளவுக்கு மீறிக் கூடிப்போய், தன் மனதில் ஓடுவதற்கும் தானே பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவள் இவள்.

யாரிடம் எது உயிரோ அதையே இந்த நோய் தொடுகிறது. தாயிடம் குழந்தையைத் தொடுகிறது. மாலை போட்டு விரதம் இருப்பவருக்குச் சன்னதியில் கை கூப்பும்போதே சாமியைப் பற்றி ஆபாசமான சொற்கள் உள்ளே எழுகின்றன. தொழுகைக்கு நிற்பவர், ஒளூ என்னும் தூய்மை முறிந்துவிட்டதோ, இறைவனைப் பற்றி மனம் தவறாகப் பேசியதோ என்று சந்தேகம் வந்து மீண்டும் மீண்டும் போய்க் கைகால் கழுவுகிறார். ஒழுக்கத்தை உயிராக நினைக்கும் இளைஞனுக்கு உடன்பிறந்தவளைப் பற்றியோ, தெருவில் விளையாடும் குழந்தையைப் பற்றியோ எண்ணவே கூசும் பாலியல் காட்சிகள் வருகின்றன. குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போவதை அவன் நிறுத்துகிறான், கல்யாணமே வேண்டாம் என்கிறான். காரணம் யாருக்கும் தெரியாது. இவர்களில் எவருக்கும் அந்த நினைப்பில் இன்பம் துளியும் இல்லை. அருவருப்பும் பயமும்தான் இருக்கின்றன. வக்கிர ஆசையிலிருந்து இந்த நோயைப் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் அதுவே.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு 'மோட்சப் பிரயாணம்' என்ற நூல் தெரியும். அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. ஆங்கில மூலநூலை எழுதிய ஜான் பனியன் இந்த நோயின் வாதையை முழுக்க அனுபவித்தவர் என்பது நம்மிடம் அதிகம் பேசப்படுவதில்லை. பெட்ஃபோர்டு சிறையில் இருந்தபோது 1666-இல் வெளியான தன் வரலாற்றில் அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கோயில் மணி அடிப்பதில் பிரியமாக இருந்தவருக்கு, மணி தலையில் விழுந்துவிடுமோ என்று ஒரு நாள் தோன்றியது. ஓர் உத்தரத்தின் கீழ் ஒதுங்கி நின்றார். பிறகு வாசலுக்கு நகர்ந்தார், கோபுரமே விழுந்தால் என்ன செய்வது என்று கடைசியில் அங்கேயும் நிற்க முடியவில்லை. அதைவிடக் கொடியது, கிறிஸ்துவை விற்றுவிடு என்று உள்ளே ஓயாமல் கேட்ட ஒரு குரல் போன்ற நினைப்பு. சாப்பிடும்போது, குனிந்து ஊசி எடுக்கும்போது, விறகு வெட்டும்போது என்று அது விடவில்லை. மாட்டேன், மாட்டேன் என்று மூச்சு வாங்கும்வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மன்னிக்க முடியாத தெய்வநிந்தையை வாய் உளறிவிடுமோ என்று பயந்து, வாய் திறக்காதபடி மோவாய்க்கட்டையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியதையும் சொல்கிறார். பின்னாளில் 'மோட்சப் பிரயாண'த்தில், மரண நிழலின் பள்ளத்தாக்கில் ஒரு துர்ச்சக்தி பயணியின் பின்னால் ஊர்ந்து வந்து காதில் நிந்தனைகளைக் கிசுகிசுக்க, அவை தன் மனதிலிருந்தே எழுந்தவை என்று அவன் நம்பித் துடிப்பதாக ஒரு காட்சியை வைத்தார். இந்த நோயைப் பற்றி நான் படித்தவற்றில் அந்தக் காட்சிக்கு இணையானது குறைவு. மாட்டேன் என்று அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியை அழைத்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பனியனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், 1522-இல், ஸ்பெயினின் மன்ரேசாவில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா இதே வகையான மனக்கலக்கத்தில் கிடந்தார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதி இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இறுதியில், கழிந்துபோன பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று ஒரே முடிவாக எடுத்தபோதுதான் விடுதலை வந்தது என்று தன் வரலாற்றில் சொல்கிறார். இன்றைய சிகிச்சை அறையில் சொல்லித்தரப்படுவதற்கு வெகு அருகில் வருகிறது அந்த முடிவு.

இஸ்லாமிய மரபில் இதை வஸ்வாஸ் என்பார்கள். வாயால் சொல்லவே அஞ்சும் நினைப்புகள் எங்களுக்குள் வருகின்றன என்று நபித்தோழர்கள் முறையிட்டபோது, அப்படி அஞ்சுவதே தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை) என்று நபிகள் பதில் சொன்னதாக சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. அந்த ஒரு பதிலில் எவ்வளவு பரிவு! நம் ஊர் அர்ச்சகர்களும் பாதிரியார்களும் ஹஜ்ரத்களும் மருத்துவர்களுக்கு முன்பே இந்த வேதனையைக் கேட்கிறவர்கள். பரிகாரமும் கூடுதல் ஜெபமும் கூடுதல் விரதமும் சொல்லி அனுப்புவதற்கு முன், இது நோயாக இருக்கலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் பல ஆண்டுத் துன்பம் மிச்சமாகும்.

மனதால் நினைப்பதும் பாவமே என்று சொல்லித்தானே நாம் வளர்க்கப்பட்டோம் என்று கேட்கலாம். கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவரும் அதைத்தானே சொல்கிறார்? அவர் கண்டிப்பது, பிறன் பொருளைக் களவாடிவிடலாம் என்று ஒருவன் மனதுக்குள் திட்டம் போடுவதை. அந்த எண்ணத்தை அவன் வரவேற்கிறான், வளர்க்கிறான். மலைப்பிரசங்கத்தில் இயேசு இச்சையைக் கண்டிப்பதும் அப்படிப்பட்டதே. அழையாமல் வந்து, கண்டதும் நடுங்கவைத்து, துரத்தத் துரத்தத் திரும்பி வரும் ஒன்றை அவர்கள் இருவரும் குற்றத்தில் சேர்க்கவில்லை. இந்த நோயாளிகள் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். நினைத்ததும் செய்ததும் சமம், நினைத்தால் நடந்துவிடும் என்ற இந்தக் கலப்பை ராக்மனும் ரோஸ் ஷஃப்ரானும் 1996-இல் விரிவாக அளந்து எழுதினார்கள்.

இப்போது அந்தக் கணவனிடம் வருவோம். நீ நல்ல அம்மாதான் என்று அவன் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த ஆறுதல் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. சந்தேகம் எழுந்தால் கேட்டுத் தீர்த்துக்கொண்டாக வேண்டும் என்று அவள் மூளை பழகிக்கொள்கிறது. குளிப்பாட்டுவதைப் பாட்டி எடுத்துக்கொண்டதும், அவள் அடுப்படிப் பக்கமே போகாததும் அப்படியே. அடுப்படிக்குப் போகாததால்தான் குழந்தை பிழைத்தது என்று நோய் கணக்கு எழுதிக்கொள்கிறது. குடும்பம் தன்னையறியாமல் நோயின் பக்கம் போய் நிற்கும் இடம் இது. அதற்காக, இனிமேல் கேட்காதே என்று எரிந்துவிழுவதும் மருந்தாகாது. "இது உன் நோய் கேக்கிற கேள்வி. நான் பதில் சொன்னா அது வளரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பதில் சொல்லாம உன் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லக் கணவனும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்வது எளிது, அழுகிற மனைவியின் முன்னால் அதைச் செய்வது மிகக் கடினம். அதனால்தான் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சொல்லித்தரும் மருத்துவர் தேவைப்படுகிறார்.

சிகிச்சை இல்லாத நோய் அல்ல இது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் விக்டர் மேயர், அதுவரை எதற்கும் அசையாத இரண்டு நோயாளிகளிடம் துணிந்து ஒரு முறையைக் கையாண்டு, அதை 1966-இல் வெளியிட்டார். பயப்படும் பொருளின் முன்னால் அவர்களை நிறுத்தினார், அதன்பின் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யவிடாமல் கூடவே இருந்தார். அந்த இருவரில் ஒருவர் தெய்வநிந்தையான நினைப்புகளால் வதைபட்ட பெண். பயம் உச்சிக்கு ஏறியது, எதுவும் நடக்கவில்லை, பயம் தானே இறங்கியது. இருவரும் தேறினார்கள். எதிர்கொள்ளலும் சடங்குத் தடுப்பும் சேர்ந்த இந்த முறைதான் இன்றும் இந்த நோய்க்கான உளவியல் சிகிச்சைகளில் முதலிடத்தில் இருக்கிறது. நம் தாயின் விஷயத்தில் அது எப்படி இருக்கும்? முதல் வாரம், வந்த நினைப்பை ஒரு தாளில் எழுதி, மனதுக்குள் சாமி பெயர் சொல்லி அழிக்காமல் திரும்பத் திரும்ப வாசிப்பாள். பிறகு பாட்டி பக்கத்தில் நிற்க, குழந்தையைத் தானே குளிப்பாட்டுவாள். பிறகு பாட்டி இல்லாமல். பிறகு ஒரு நாள் குழந்தை பக்கத்தில் பாயில் படுத்திருக்க, அரிவாள்மனையில் காய் அரிவாள். நினைப்பு வரும். வரட்டும் என்று விட்டுவிட்டு வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருப்பாள். சில வாரங்களில் அந்த நினைப்புக்கு இருந்த வீரியம் குறையத் தொடங்கும்.

மருந்துகளும் உண்டு. ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸமின் போன்றவை மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில் பெரும்பாலும் தேவைப்படும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். இவை போதைக்கு அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல. தாய்ப்பால் கொடுக்கும்போது எதை, எவ்வளவு எடுக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்காகத் தாய்ப்பாலையோ மாத்திரையையோ தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனப்பிறழ்வு வேறு நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் நேர்கிறது, பெரும்பாலும் முதல் சில வாரங்களில். தூக்கமே இல்லாமல் தாய் குழம்பித் திரிவாள், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பிசாசு பிடித்திருக்கிறது, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்பது போல் எதையாவது உறுதியாக நம்புவாள். தன் நினைப்பைக் கண்டு அவள் பதறுவதில்லை, அது சரி என்றே நினைப்பாள். இது அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தாயும் குழந்தையும் இருவருமே ஆபத்தில் இருக்கிறார்கள். எண்ணச் சுழற்சி உள்ள தாயோ தன் நினைப்பைக் கண்டு அஞ்சுகிறாள், குழந்தையைக் காப்பாற்றத் தன்னையே விலக்கிக்கொள்கிறாள். இரண்டையும் பிரித்தறியாத மருத்துவர் இரு பக்கமும் தவறு செய்யக்கூடும். இந்த நோய் உள்ள தாய்மாரைக் குழந்தைக்கு ஆபத்தானவர்கள் என்று தவறாக எடுத்துக்கொண்டதால் நேர்ந்த பாதிப்புகளைப் பிரிட்டனில் ஃபியோனா சலகோமும் உடனாய்வாளரும் 2013-இல் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். குழந்தையிடமிருந்து பிரிப்பது இந்த நோய்க்கு எண்ணெய் வார்ப்பதாகும். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது. நிம்ஹான்ஸில் 2009-லிருந்து தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் பிரிவு நடக்கிறது.

தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. கர்ப்பம் பதிவான நாள் முதல் கிராம சுகாதார செவிலியர் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அறிந்திருக்கிறார். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் எடை, தடுப்பூசி என எல்லாம் கேட்கப்படுகின்றன, எழுதப்படுகின்றன. இவ்வளவு நெருங்கிப் போகும் அமைப்பு இந்தியாவில் வேறு பல மாநிலங்களுக்குக் கனவு. அந்த நெருக்கத்தை ஏன் நாம் மனதுக்கும் பயன்படுத்தக் கூடாது? தாயின் மன அழுத்தத்தைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும், 1987-இல் உருவான எடின்பரோ கேள்விப் பட்டியலில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. குழந்தையைக் குறித்து வரும் வேண்டாத நினைப்பைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் கிடையாது. ஆகவே அந்தப் பட்டியலை ஒழுங்காக நிரப்பும் இடத்திலும் இந்தத் தாய் தப்பிப்போகிறாள்.

கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையைக் கொல்லத் தோன்றுகிறதா என்று கேட்டால் எவளும் வாயடைத்துப் போவாள். "பிள்ளை பெத்த நிறையப் பேருக்கு, குழந்தைக்கு ஏதாச்சும் ஆகிடுமோ, நம்ம கையாலேயே ஏதாச்சும் செஞ்சிடுவமோன்னு வேண்டாத நினைப்பு வரும்மா. உனக்கும் அப்படி வந்து பயமுறுத்துதா?" என்று நர்ஸம்மா கேட்டால் பதில் வரும். முதலில் சொல்லி, பிறகு கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கான கூட்டத்தில் கணவனும் மாமியாரும் இருக்கும்போதே ஐந்து நிமிடம் இதைப் பேசிவிட வேண்டும். தாய்சேய் நலப் புத்தகத்தில் நான்கு வரி அச்சிட வேண்டும். புதுக் கட்டடமோ, புதுத் திட்டமோ இதற்குத் தேவையில்லை. செவிலியர்களுக்குப் பயிற்சியும், எந்த விடைக்கு எங்கே அனுப்புவது என்ற தெளிவும் போதும்.

அனுப்பும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல், இது எளிதில் தீராது. எதிர்கொள்ளல் சிகிச்சையை முறையாகக் கற்ற உளவியலாளர்கள் பெருநகரங்களிலேயே குறைவு, மாவட்டங்களில் அதைவிடக் குறைவு. மாவட்ட மனநலத் திட்டத்தில் பெரும்பாலும் மாத்திரை கிடைக்கும், வாரம் ஒரு மணி நேரம் கூடவே உட்கார ஆள் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இந்தச் சிகிச்சையில் தேர்ந்த ஒருவரையாவது நியமித்து, அவர் வழியாக மாவட்ட ஆலோசகர்களைப் பழக்குவதே செய்யக்கூடிய தொடக்கம். அதற்குப் பணம் ஒதுக்கும்படி நலத்துறையைக் கேட்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அழைப்பவர் வந்த நினைப்பை முதல் பேச்சிலேயே விவரமாகச் சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்ல வாய் கூசும் நினைப்பு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு அது வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொன்னால் போதும். மருத்துவரிடம் நேரில் போகும்போது பேச்சு வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டலாம். பலரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த நோயைக் கண்ட மருத்துவர் அந்தத் தாளைப் படித்து அதிரமாட்டார். இதே வரிகளை அவர் முன்பே பலமுறை படித்திருப்பார்.